காரைக்குடியில் பள்ளி விட்டதும் பிள்ளைகளை விடும் இடம்: ஐந்துக்கு நாலு மார்க், காரணங்களோடு

காரைக்குடியில் செக்காலைப் பக்கம், பழைய நகரத்தார் வீடு ஒன்றில் நடக்கிற மாலை நேரப் பிள்ளைக் காப்பகத்தைப் பற்றி எழுதுகிறேன். பள்ளி விட்டு நாலு மணிவாக்கில் வருகிற பிள்ளைகளை ராத்திரி ஏழரை வரை பார்த்துக்கொள்கிறார்கள். பலகாரம் கொடுத்து, வீட்டுப்பாடம் முடிக்கவைத்து, கொஞ்ச நேரம் விளையாட விடுவார்கள். என் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் போகிறார்கள். பெயர் போடவில்லை, ஏனென்றால் நடத்துகிற ஆச்சியே "பேரெல்லாம் போட வேணாத்தா, இருக்க பிள்ளைகளுக்கே இடம் பத்தல" என்று சொல்லிவிட்டார். அது ஒருவகையில் நல்லதுதான். நான் எழுத நினைத்ததே அந்த வீட்டுப் பலகாரத்தைப் பற்றி இல்லை (அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, வெள்ளைப் பணியாரம் போடுகிற நாளில் என் மகன் வீட்டில் சாப்பிடவே மாட்டான்), பாதுகாப்பு, உரிமம், சோதனை என்று வரும்போது அவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பற்றித்தான். நம் ஊரில் இந்த மாதிரி இடங்களுக்கு யாரும் அந்தக் கண்ணோடு விமர்சனம் எழுதுவதில்லை. "அன்பா பாத்துக்கிறாங்க", "ஹோம்வொர்க் முடிச்சு அனுப்புறாங்க" என்பதோடு முடிந்துவிடுகிறது.

முதல் கேள்வி, இவர்களை யார் சோதிக்கிறார்கள்? நான் இடம் தேட ஆரம்பித்தபோது பள்ளிகளைச் சோதிப்பது மாதிரியே இங்கேயும் யாராவது வந்து பார்ப்பார்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் சட்டத்தைப் பார்த்தால் இந்தக் காப்பகங்கள் இரண்டு விதிகளுக்கு நடுவில் ஒரு சந்தில் நிற்கின்றன. மழலையர் பள்ளிகளுக்கு 2015-ல் தமிழ்நாடு அரசு தனி விதிமுறை கொண்டுவந்தது, அது பள்ளிக்கூட வயது வராத குட்டிகளுக்கானது. பிள்ளைகளும் பெண்களும் தங்குகிற விடுதிகள், இல்லங்களுக்கு 2014-ல் ஒரு சட்டம் வந்தது, அதன்படி கலெக்டரிடம் உரிமம் வாங்க வேண்டும், ஆனால் அது ராத்திரி தங்குகிற இடங்களுக்கு. இரண்டாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் படிக்கிற பிள்ளைகள் தினமும் மூன்றரை மணி நேரம் இருந்துவிட்டு வீட்டுக்குப் போகிற இடம் இந்த இரண்டிலும் சரியாக உட்காருவதில்லை. அதனால் "லைசன்ஸ் இருக்கா?" என்று ஒற்றைக் கேள்வி கேட்டால் "இருக்கு" என்று யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம், எந்த லைசன்ஸ் என்று கேட்டால்தான் கதை வெளியே வரும்.

எனக்கு அப்படித்தான் ஒரு இடத்தில் வந்தது. இது நான் முதலில் பார்த்த வேறொரு இடம், பெயர் வேண்டாம். கடைகளுக்கு மேலே இரண்டாவது மாடி, ஒரே ஒரு படிக்கட்டு, அந்தப் படிக்கட்டின் திருப்பத்தில் கீழ்க்கடைக்காரருடைய அட்டைப்பெட்டிகள். வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ், உள்ளே ஏ.சி., சுவரில் கண்ணாடி போட்ட சான்றிதழ். பக்கத்தில் போய்ப் படித்தால் அது உள்ளாட்சியில் வாங்குகிற தொழில் உரிமம். தொழில் நடத்தலாம் என்பதற்கான தாள் அது. பிள்ளைகளை வைத்துக்கொள்ள அந்தக் கட்டடம் லாயக்கா என்பதைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. தீயணைப்புத் துறைச் சான்று கேட்டேன், "அதெல்லாம் ஓனர்கிட்ட இருக்கு மேடம்" என்றார்கள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ஆம் தேதி 94 பிள்ளைகள் கருகிப்போனதை நம் தலைமுறை யாரும் மறக்க முடியாது. அங்கேயும் அடுப்படியில் பிடித்த தீ கூரைக்கு ஏறியது, மேல்மாடியில் பிள்ளைகள், இறங்கக் குறுகலான படிக்கட்டு. கீற்றுக் கூரை கூடாது என்பதை மட்டும் அதிலிருந்து கற்றுக்கொண்டு படிக்கட்டை மறந்துவிட்டோமோ என்று அந்த மாடியில் நின்றபோது தோன்றியது. திரும்பி வந்துவிட்டேன்.

ஆச்சி வீட்டுக்கு வருவோம். நம் பக்கத்து வீடுகளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும், முகப்பு, பட்டாலை என்கிற கூடம், வளவு என்கிற நடுமுற்றம், வளவைச் சுற்றி அறைகள், இரண்டாம் கட்டு, அடுப்படி, கொல்லை என்று முன்தெருவில் ஆரம்பித்துப் பின்தெருவில் முடியும். பிள்ளைகளுக்கு இது நல்ல வீடா? பல விதத்தில் நல்ல வீடு. வளவு திறந்த வானம், காற்று வரும், புகை வந்தால் மேலே போகும், முன்னாலும் பின்னாலும் வாசல். கெட்டதும் இருக்கிறது. எங்கு பார்த்தாலும் தேக்கு, அந்தத் தேக்கு உத்தரத்தின் மேலேயே ஓடுகிற தாத்தா காலத்து ஒயரிங், மழை பெய்தால் வழுக்குகிற ஆத்தங்குடிக் கல், செங்குத்தான இருட்டு மாடிப்படி, கொல்லையில் கிணறு. ஆச்சி ஒயரிங்கை மொத்தமாக மாற்றி, மின்கசிவு வந்தால் தானே அணைகிற சுவிட்ச் வைத்திருக்கிறார். மாடிக்குப் போகிற கதவு பூட்டியே இருக்கும், பிள்ளைகளுக்கு மாடி கிடையாது. வளவின் ஓரம் நெடுக ரப்பர் விரிப்பு. பார்க்க அவ்வளவு அழகான தரையை இப்படி மூடிவிட்டார்களே என்று வருகிறவர்கள் அங்கலாய்ப்பார்கள், இருக்கட்டும்.

பின்வாசல் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சோதனை என்றால் என்ன என்று எனக்குப் புரிந்ததே அதில்தான். தீயணைப்பு நிலையத்திலிருந்து பார்க்க வந்த அதிகாரி, பின்தெருக் கதவு உள்ளே பெரிய கட்டையும் வெளியே பூட்டுமாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் இருக்கிற நேரம் முழுக்க இது திறக்கிற நிலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு வழி இருக்கிறது என்று எழுத முடியாது என்று சொல்லியிருக்கிறார். நியாயம்தான். ஆனால் அந்தக் கதவைத் திறந்துபோட்டால் ஏழு வயதுப் பையன் பந்தைத் துரத்திக்கொண்டு பின்தெருவுக்குப் போய்விடுவான், வெளியாள் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். தீக்குப் பயந்தால் கதவு திறந்திருக்க வேண்டும், தெருவுக்குப் பயந்தால் மூடியிருக்க வேண்டும். பல இடங்களில் இதை எப்படிச் சமாளிப்பார்கள் தெரியுமா, சோதனை அன்றைக்குப் பூட்டைக் கழற்றிவிட்டு மறுநாள் மாட்டிவிடுவார்கள். ஆச்சி பர்மாத் தேக்குக் கதவில் கை வைக்க மனசில்லாமல் ரொம்ப நாள் யோசித்துவிட்டு, கடைசியில் தச்சரை அழைத்து உள்பக்கம் பெரியவர்கள் தோள் உயரத்தில் ஒரு கொண்டி வைத்தார், சாவி தேவையில்லை, உள்ளேயிருந்து ஒரு தள்ளில் திறக்கும், வெளியேயிருந்து திறக்காது, கதவு அசைந்தாலே அடுப்படி வரை கேட்கிற மாதிரி ஒரு மணி. "கட்டைய எடுத்ததுக்கு எங்க அண்ணன் மூணு மாசம் பேசல" என்று சிரிக்கிறார்.

தீயணைப்பான் விஷயத்தில்தான் எனக்கும் அவருக்கும் சின்ன உரசல். சிவப்பு சிலிண்டர் இரண்டு மாட்டியிருந்தார்கள், ஒன்று வளவில், ஒன்று அடுப்படி வாசலில். முள் பச்சையில்தான் நின்றது. ஆனால் ஒட்டியிருந்த சீட்டில் அடுத்த பராமரிப்புத் தேதி தாண்டிப்போயிருந்தது. முள் பச்சையில் இருந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது என்றுதான் அர்த்தம், உள்ளே இருக்கிற பொடி கட்டிப்பட்டிருந்தால் அது முள்ளுக்குத் தெரியாது. சொன்னேன். அந்த வாரமே ஆள் வந்து மாற்றிக் கொடுத்தார்கள். கூடவே நான் கேட்டது, இதை இங்கே யாருக்கு இயக்கத் தெரியும் என்று. சமையல் பார்க்கிற அக்கா அந்த ஆறு கிலோ சிலிண்டரைத் தூக்கவே சிரமப்பட்டார். இப்போது அடுப்படிக்கு மட்டும் சின்னதாக இரண்டு கிலோ ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள், பின்னை இழுத்து, குழாயைத் தீயின் அடியில் காட்டி, அழுத்திக்கொண்டே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீச வேண்டும் என்பதை அந்த அக்கா எனக்கே செய்து காட்டினார். சான்றிதழில் "தீயணைப்பான் உண்டு" என்று ஒரு வரி இருக்கும், தூக்குகிற கை உண்டா என்று இருக்காது.

இனி நான் சொல்ல வருகிற முக்கியமான விஷயம். அதிகாரிகள் வருவது எப்போது? அலுவலக நேரத்தில். காலை பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு. அப்போது இந்த வீட்டில் பிள்ளைகளே கிடையாது. வளவு கழுவித் துடைத்துக் காய்ந்திருக்கும், வெயில் அடிக்கும், ஒவ்வொரு மூலையும் பளிச்சென்று தெரியும், செருப்புகள், பைகள், சைக்கிள்கள் ஒன்றும் வழியில் கிடக்காது. அவர்கள் பார்த்து எழுதுவது ஒரு காலி வீட்டை. அவர்களைக் குறை சொல்லவில்லை, ஆள் பற்றாக்குறையில் அவ்வளவாவது வருகிறார்கள். ஆனால் பிள்ளைகள் இருக்கிற வீடு சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் தெரியும். முகப்பில் முப்பது பை, பின்வழியில் சைக்கிள் குறுக்கே, எண்ணெய்ச் சட்டி அடுப்பில், வாசலில் அழைக்க வந்த தாத்தாமார்கள், ஒரு பிள்ளை அழுகிறது, ஒன்று கழிப்பறைக்குப் போயிருக்கிறது, ஆறரைக்குக் கரண்ட் போகிறது. இந்தக் கரண்ட் விஷயத்தை நான் நேரில் பார்த்தேன், இன்வெர்ட்டர் வளவுக்கும் பட்டாலைக்கும்தான் இணைத்திருந்தார்கள், இரண்டாம் கட்டிலிருந்து பின்வாசலுக்குப் போகிற வழி கும்மிருட்டு. அத்தனை பாடுபட்டுக் கொண்டி வைத்த கதவு, போகிற வழி தெரியாவிட்டால் எதற்கு? பகலில் வந்த எந்த அதிகாரிக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. சொன்னதும் பேட்டரி விளக்கு இரண்டு மாட்டினார்கள், கரண்ட் போனால் தானே எரியும் வகை.

கிணறும் தொட்டியும். மதுரையில் 2025 ஏப்ரல் கடைசியில் ஒரு மழலையர் பள்ளியில் கோடை வகுப்புக்குப் போன குழந்தை தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தது, அதே வருஷம் ஜனவரியில் விக்கிரவாண்டியில் பள்ளிக் கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து ஒரு குழந்தை. மதுரைச் செய்தி வந்த அன்று எங்கள் பெற்றோர் வாட்ஸாப் குழுவில் வேறு பேச்சே இல்லை. நம் வீடுகளில் கிணற்றை எல்லோரும் பயந்து மூடிவிடுவார்கள், ஆச்சி வீட்டிலும் இரும்பு வலை, அதற்குப் பூட்டு, முன்னாலிருந்தே இருக்கிறது. யாரும் பயப்படாதது தரைத் தொட்டி. தகர மூடி போட்டு அதன் மேல் ஒரு செடித்தொட்டியை வைத்துவிட்டால் பத்திரம் என்று நினைப்பு. தகரம் ஓரத்திலிருந்துதான் துருப்பிடிக்கும், மேலே பெயின்ட் அடித்திருந்தால் வெளியே தெரியவும் தெரியாது. இங்கேயும் தகரம்தான் இருந்தது, இப்போது கான்கிரீட் பலகை, இரண்டு பேர் சேர்ந்தால்தான் நகரும். இதை மட்டும் ஆச்சி யாரும் கேட்காமலே செய்தார், மதுரைச் செய்திக்கு மறுநாள். கொல்லைச் சுவரையும் பாருங்கள் என்று நான் மற்ற பெற்றோர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நெல்லையில் 2021 டிசம்பரில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் போனார்கள். நம் பழைய வீடுகளில் உள்வீடு கோட்டை மாதிரி நிற்கும், பிற்காலத்தில் கொல்லையில் ஒற்றைச் செங்கலில் எழுப்பிய கழிப்பறைதான் ஆடும். ஆச்சி பொறியாளரிடம் கட்டட உறுதிச் சான்றும் தாசில்தார் அலுவலகத்தில் கட்டட உரிமமும் வாங்கி வைத்திருக்கிறார், கழிப்பறையும் சேர்த்துத்தான் பார்த்தார்களா என்று கேட்டேன், பொறியாளர் போட்டுக் கொடுத்த வரைபடத்தை எடுத்துக் காட்டினார். இருந்தது.

அடுப்படி பற்றிச் சுருக்கமாக. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு எண் சுவரில் இருக்கிறது, 14 இலக்கம், 2-ல் ஆரம்பிக்கும், அப்படியென்றால் சிறிய அளவில் சமைப்பவர்களுக்கான பதிவு, 1-ல் ஆரம்பித்தால் உரிமம். அந்த எண்ணை இணையத்தில் போட்டுப் பார்க்கலாம், இன்னும் செல்லுபடியாகிறதா என்று காட்டும், பார்த்தேன், சரியாக இருந்தது. கேஸ் குழாய் ஆரஞ்சு நிற வகை, மேலேயே வருஷம் அச்சடித்திருக்கும், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும், சிலிண்டருக்கு அடுத்த சோதனை எந்தக் காலாண்டு, எந்த வருஷம் என்று அது சொல்லும், ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச். சமையல் அக்காவுக்கு இது எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது, தேதி தாண்டிய சிலிண்டரைக் கொண்டுவந்த பையனைத் திருப்பி அனுப்பியதாகச் சொன்னார். பிள்ளைகள் அடுப்படி நிலைப்படியைத் தாண்டக்கூடாது, அதற்குக் குறுக்கே அரைக்கதவு. ஒரே குறை, பலகாரம் பெரும்பாலும் எண்ணெயில் பொரிப்பதாகவே இருக்கிறது, கும்மாயம் கிண்டுகிற நாளில் மட்டும் நான் நிம்மதியாக இருப்பேன். இது சோதனைக்கு உட்பட்ட விஷயம் இல்லை, அம்மாவின் புலம்பல்.

ஆட்கள் விஷயத்தில் முழு மார்க். வேலை பார்க்கிற நாலு பேருக்கும் காவல்துறை சரிபார்ப்புச் சான்று வாங்கியிருக்கிறார்கள், வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க வருகிற கல்லூரிப் பெண்ணுக்கும் சேர்த்து. பிள்ளைகள் உதவிக்கு அழைக்கிற 1098 எண் அவர்கள் கண்ணில் படுகிற உயரத்தில் எழுதியிருக்கிறது, அலுவலக அறையில் இல்லை, கை கழுவுகிற இடத்தில். அழைத்துப்போக யார் யார் வரலாம் என்று முதல் நாளே போட்டோவோடு எழுதி வாங்கிவிடுவார்கள். ஒருநாள் எனக்கு நேரமாகிவிட்டதால் என் கொழுந்தனாரை அனுப்பினேன், பட்டியலில் அவர் பெயர் இல்லை. பிள்ளைகள் "சித்தப்பா" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டும் ஆச்சி விடவில்லை, எனக்குப் போன் போட்டு, வீடியோவில் முகத்தைக் காட்டி, கையெழுத்து வாங்கி, அப்புறம்தான் அனுப்பினார். கொழுந்தனாருக்குக் கோபம், எனக்கு ரொம்பச் சந்தோஷம். பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அதுவே 2012-ஆம் வருஷப் போக்சோ சட்டப்படி குற்றம் என்பதை வேலைக்குச் சேருகிற அன்றே ஒவ்வொருவரிடமும் சொல்வதாகச் சொன்னார். "குடும்ப மானம் போயிரும்னு மூடி வைக்கிற ஊருத்தா இது, அதான் முதல்லயே சொல்லிப்புடுறது" என்றார்.

கேமரா உண்டு, முகப்பிலும் வளவிலும். அதைப் பெரிதாகப் பேசுகிற பெற்றோர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. நடந்த பிறகு பார்க்கத்தான் கேமரா, நடக்காமல் பார்த்துக்கொள்ள ஆள்தான் வேண்டும். இங்கே அரை மணிக்கு ஒருமுறை தலை எண்ணுகிறார்கள், சத்தம் போட்டு எண்ணுவதால் பிள்ளைகளே சேர்ந்து எண்ணுகிறார்கள்.

சரி, அந்த ஒரு மார்க் எங்கே போனது? வண்டியில். பள்ளியிலிருந்து இங்கே கொண்டுவந்து விடுவதற்கு ஆச்சி சொந்தமாக வண்டி வைக்கவில்லை, தெரிந்த ஆட்டோக்காரர்கள் இரண்டு பேரிடம் விட்டிருக்கிறார். பள்ளி வாகனங்களுக்குத் தமிழ்நாட்டில் 2012-லிருந்து தனி விதிகள் இருக்கின்றன, ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஆர்.டி.ஓ. ஆட்கள் அவசர வழி, படிக்கட்டு உயரம், முதலுதவிப் பெட்டி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஆட்டோ அந்த வலையில் விழாது. பையை வெளியே தொங்கவிட்டு, ஓட்டுநர் பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு நூறடி ரோட்டில் அந்த ஆட்டோ போவதை நானே பின்னால் வந்து பார்த்தேன். ஆச்சியிடம் கேட்டால், "அது பெத்தவுகளுக்கும் ஆட்டோக்காரவுகளுக்கும் உள்ள பேச்சுத்தா, நான் வீட்டுக்குள்ள வந்த பெறகுதான்" என்றார். வீட்டுக்குள் இவ்வளவு பார்க்கிறவர் இதில் கையைக் கழுவியது எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்டோக்காரரைத் தேர்ந்தெடுத்தது அவர், போன் நம்பர் கொடுத்தது அவர். பள்ளி வாசலிலிருந்து முகப்பு வரை யாருடைய பொறுப்பு என்று எந்தத் தாளிலும் இல்லை. இப்போதைக்கு நாங்கள் மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து தனியாக ஒரு ஆட்டோ பேசியிருக்கிறோம், அளவான பிள்ளைகள், முன்சீட்டில் யாரும் கிடையாது என்ற நிபந்தனையோடு. செலவு கூடத்தான்.

தீ ஒத்திகையிலும் கொஞ்சம் குறை உண்டு, அதற்கு மார்க் குறைக்கவில்லை. நான் சேர்த்த புதிதில் பெரியவர்களுக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மணி அடித்ததும் பின்வாசல் வழியாக வரிசையில் போய்ப் பின்தெரு வேப்பமரத்தடியில் நிற்கப் பழக்குகிறார்கள். முதல் தடவை பாதிப் பிள்ளைகள் பையை எடுக்கத் திரும்ப ஓடினார்களாம், செருப்பைத் தேடினார்களாம். நிஜத்திலும் அதைத்தான் செய்வார்கள், அதனால்தான் பழக்க வேண்டும்.

கட்டணம் பக்கத்து இடங்களைவிடக் கூடுதல், தாமதமாக வந்தால் தனியாகக் கேட்கிறார்கள், சனிக்கிழமை கிடையாது, ஆடியில் ஊர்த் திருவிழா என்றால் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு நாள் லீவு விட்டுவிடுவார்கள். சேர்க்க நினைப்பவர்கள் மே மாதமே போய்க் கேளுங்கள், ஜூனில் இடம் இருக்காது. போன் பண்ணிவிட்டுப் போக வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம், பிள்ளைகள் இருக்கிற ஒரு வேலைநாள் ஐந்தரைக்குப் போய், சான்றிதழ்களைக் காட்டச் சொல்லுங்கள், காட்டுவார், அதற்கென்றே ஒரு ஃபைல் எடுத்து வைத்திருக்கிறார். அதைப் பார்த்து முடித்ததும், பின்வாசல் வரை ஒருமுறை நடந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். வேறு எந்த இடத்துக்குப் போனாலும் இதையே கேளுங்கள், முன்னறையிலேயே உட்காரவைத்துக் காப்பி கொடுத்து அனுப்பப் பார்க்கிற இடமாக இருந்தால் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.